பின் நம்பர், பூத் சிலிப், விடுதலைப் பத்திரம்: சில கேள்விகள், என் பதில்கள்

ஒரு பொதுத்துறை வங்கியில் 33 வருடம் வேலை பார்த்துக் கிளை மேலாளராக ஓய்வு பெற்றவள் நான். பெரும்பாலும் சின்ன ஊர்க் கிளைகள். கவுன்டருக்கு வருகிறவர்கள் பணத்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. வேலை, வீடு, ஓட்டு, பிள்ளைகள் எல்லாமே வரும். இந்த முறை வந்த கேள்விகளும் அப்படித்தான். தெரிந்ததைச் சொல்கிறேன், என் அபிப்பிராயத்தையும் சேர்த்தே.

அக்கா, திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். சம்பளம் என் பெயரில் உள்ள கணக்குக்குத்தான் வருகிறது. ஆனால் ஏடிஎம் கார்டு வீட்டுக்காரரிடம். பேங்கில் கொடுத்திருப்பதும் அவர் நம்பர்தான். எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்று எனக்குத் தெரியாது. சண்டை இல்லாமல் இதை மாற்ற முடியுமா?

முடியும், தங்கச்சி. கணக்கு உங்கள் பெயரில் இருப்பதால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது.

கார்டை விட முக்கியம் அந்த மொபைல் நம்பர். இப்போதெல்லாம் சிம் யார் கையில் இருக்கிறதோ, கணக்கும் அவர் கையில்தான். ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும். அந்த நம்பரும் கார்டும் ஒருவரிடம் இருந்தால் யுபிஐ பின்னையும் அவரே புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். அதனால் முதலில் மாற்ற வேண்டியது நம்பரை. பாஸ்புக்கும் ஆதாரும் எடுத்துக்கொண்டு, ஒரு நாள் அரை நாள் பெர்மிஷன் போட்டாவது, கிளைக்கு நேரில் போங்கள். பாஸ்புக்கில் என்ட்ரி போடச் சொல்லி, கடைசி ஆறு மாதத்தை நிதானமாகப் படியுங்கள். அப்புறம் மொபைல் நம்பர் மாற்றும் படிவம் கேளுங்கள். தனிக் கணக்கு என்றால் உங்கள் கையெழுத்து ஒன்றே போதும். கணவரின் சம்மதத்தை யாரும் கேட்க முடியாது. கேட்டால், மேலாளரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தை யோசித்துக்கொண்டு போங்கள். நம்பர் மாறும்போது பழைய நம்பருக்கும் செய்தி போகலாம். வீட்டில் அதனால் பெரிய பிரச்சினை வரும் என்று பயமாக இருந்தால், வேறு வங்கியில் குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத கணக்கு ஒன்றை உங்கள் நம்பரிலேயே தொடங்குங்கள். சம்பளத்தை அதில் போடச் சொல்லிக் கம்பெனி அலுவலகத்தில் கடிதம் கொடுக்கலாம். அடி, மிரட்டல் என்று போனால் 181-க்கு அழையுங்கள். அது பெண்களுக்கான உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள்.

நான் வேலை பார்த்த ஒரு கிளைக்கு நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மா ஒருவர் வருவார். பணம் எடுக்க மாட்டார். என்ட்ரி போட்டு வாங்கி, அந்த வரியை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போவார். ஒருநாள் கேட்டேன். "எவ்வளவு இருக்குனு எனக்குத் தெரியுமுல்ல, அது போதும்" என்றார். வீட்டுச் செலவுக்குக் கொடுப்பது உங்கள் விருப்பம், அதில் தப்பே இல்லை. எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள்.

மேடம், கும்பகோணம், ஓய்வு பெற்ற ஆசிரியர். வயது 66. மகன் வெளிநாட்டில். யுபிஐ எல்லாம் வேண்டாம், ஏமாந்துவிடுவீர்கள் என்கிறான். காய்கறிக் கடையில்கூடச் சில்லறை இல்லை, ஸ்கேன் பண்ணுங்க என்கிறார்கள். என்ன செய்ய?

ஐயா, மகனின் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு வழி உங்களைக் கடைத்தெருவிலிருந்து விலக்கி வைப்பது இல்லை. பென்ஷன் வரும் கணக்கை யுபிஐ-யில் இணைக்காதீர்கள். இன்னொரு சின்னக் கணக்கில் மூவாயிரமோ நாலாயிரமோ போட்டு, அதை மட்டும் இணையுங்கள். கெட்டால் அவ்வளவுதான் கெடும்.

ஒரே ஒரு விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் நம்பர் தேவையே இல்லை. யாராவது "உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், பின் போடுங்கள்" என்றால், அந்த இடத்திலேயே போனை வைத்துவிடலாம். அதே போல, வீடியோ காலில் போலீஸ் உடுப்பில் வந்து "டிஜிட்டல் கைது" என்று மிரட்டுகிறார்களே, அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது. படித்தவர்கள், பெரிய பதவியில் இருந்தவர்கள்கூட இதில் மாட்டியிருக்கிறார்கள். காரணம், நாள் முழுக்க யாரிடமும் பேசவிடாமல் தனியாக வைத்துவிடுகிறார்கள். போனை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னாலே பாதி மயக்கம் தெளிந்துவிடும்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காதீர்கள். உடனே 1930-க்கு, அதாவது சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு, அழையுங்கள். அப்புறம் வங்கி. நீங்கள் எதையும் பகிராமல், வெளியாள் திருடியதாக இருந்து, வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால், உங்களுக்குப் பொறுப்பு இல்லை. 2017-ல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு அது. பின்னை நீங்களே சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும் வரை போன பணம் உங்கள் நஷ்டம்தான். அதனால்தான் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

சென்னை ஐடி கம்பெனியில் இருக்கிறேன். ராத்திரி பதினொரு மணிக்கும் மேனேஜர் வாட்ஸ்அப்பில் வேலை அனுப்புகிறார். பதில் போடாமல் இருக்கச் சட்டம் உண்டா?

நம் நாட்டில் இல்லை, தம்பி. பிரான்ஸில் 2017-லிருந்து இருக்கிறது, ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டிலிருந்து. இங்கே நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதாவாக (அரசு இல்லாமல் ஓர் உறுப்பினர் தானாகக் கொண்டுவருவது) வந்தது, சட்டமாகவில்லை.

வேலை நேரம் என்பது தானாகக் கிடைத்த ஒன்று என்று உங்கள் வயதுக்காரர்கள் பலர் நினைக்கிறீர்கள். 2023 ஏப்ரல் 21-ஆம் தேதி, தொழிற்சாலைகளில் நாளுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிவிடும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மூன்று நாளில் நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெற்றதாக முதல்வர் அறிவித்தார். பத்தே நாள். கேட்க ஆள் இருந்ததால் நடந்தது. உங்கள் டீமில் நாலு பேர் சேர்ந்து, "ஒன்பது மணிக்கு மேல் வருவதைக் காலையில் பார்க்கிறோம், அவசரம் என்றால் போன் பண்ணுங்கள்" என்று பணிவாக மெயில் போடுங்கள். ஒருவர் சொன்னால் அது குறை, நாலு பேர் சொன்னால் அது நடைமுறை.

ஜவுளிக் கடையில் சேல்ஸ். காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி ஒன்பது வரை நிற்க வேண்டும். கஸ்டமர் இல்லாதபோதும் உட்காரக் கூடாது என்கிறார் சூப்பர்வைசர். நரம்பு சுருட்டிக்கொண்டுவிட்டது.

உட்காருவது உங்கள் உரிமை, அம்மா. கேரளம் 2018-ல் கொண்டுவந்தது. நம் மாநிலத்தில் 2021 செப்டம்பரில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் செய்து, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம். வேலை போய்விடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. தனியாகக் கொடுக்க வேண்டாம். சேர்ந்து கொடுங்கள், இல்லை உங்கள் ஊர்த் தொழிற்சங்கத்தின் மூலம் கொடுங்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள். தீபாவளிக்குப் புடவை எடுக்கப் போகும்போது, "நீங்க உட்கார்ந்துகிட்டே எடுத்துப் போடுங்கம்மா" என்று முதலாளி காதில் விழும்படி சொல்லுங்கள். வாடிக்கையாளர் வாயிலிருந்து வந்தால் அதற்குத் தனி மதிப்பு.

எல்லாக் கட்சியும் ஒன்றுதான். ஓட்டுப் போடாமல் வீட்டில் இருந்தால் என்ன? இல்லை, நோட்டா போட்டால் போதுமா?

எல்லாம் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றவில்லை. எந்த ஆட்சி எதைச் செய்தது என்று உங்கள் தெருவின் ரோட்டிலும் ரேஷன் கடையிலும் பள்ளிக்கூடத்திலும் பாருங்கள், வித்தியாசம் தெரியும். நோட்டா 2013-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்தது. உங்கள் மறுப்பைப் பதிவு செய்யும், அவ்வளவே. நோட்டாவுக்கு எவ்வளவு விழுந்தாலும் வேட்பாளர்களில் அதிகம் வாங்கியவர்தான் ஜெயிப்பார்.

இதற்குப் பக்கத்திலேயே ஒன்று. அம்மா, எங்கள் தெருவில் ஓட்டுக்குப் பணம் கொடுத்துவிட்டு, யாருக்குப் போட்டீர்கள் என்று மெஷினிலேயே தெரிந்துவிடும் என்கிறார்கள். உண்மையா? வாங்கிய பிறகு மாற்றிப் போடலாமா? (விழுப்புரம் பக்கம்)

உங்கள் ஓட்டு யாருக்கு என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நானே பலமுறை தேர்தல் வேலைக்குப் போயிருக்கிறேன். பட்டனை அழுத்தியதும் பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் சின்னம் அச்சான சீட்டு ஏழு விநாடி தெரியும், அப்புறம் உள்ளே விழுந்துவிடும். அதில் உங்கள் பெயரோ வரிசை எண்ணோ கிடையாது.

ஆனால் அவர்கள் சொல்வது எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பூத் வாரியாக எந்தக் கட்சிக்கு எத்தனை என்பது எண்ணிக்கைக்குப் பிறகு தெரியும். "உங்க தெரு எங்களுக்குப் போடலை" என்று அவர்களால் சொல்ல முடியும். "நீ போடலை" என்று சொல்ல முடியாது. இந்த இரண்டையும் குழப்பித்தான் பயமுறுத்துகிறார்கள்.

பணம் கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம். இந்தப் பணத்தால் 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-ல் ஆர்.கே.நகர், 2019-ல் வேலூர் என்று தேர்தலே நின்றிருக்கிறது. அதையெல்லாம் படித்தபோது எனக்கு மனசு வலித்தது. ஊருக்கே தலைகுனிவு. வாங்காதீர்கள் என்பதுதான் என் பதில். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அந்தப் பணத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று நினைத்துச் சத்தியத்தைக் காப்பாற்றக் கிளம்ப வேண்டாம். அந்த மறைப்புக்குள் நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள். உங்கள் மனசுக்குச் சரி என்று பட்டவருக்குப் போடுங்கள்.

24 வயது, கோவை. டெலிவரி வேலை. யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாம் என்பதால் பிடித்திருக்கிறது. அப்பா நிரந்தர வேலைக்குப் போ என்கிறார்.

பிடித்திருந்தால் செய்யுங்கள், தம்பி. ஆனால் ஒரு மாதம் நோட்டில் எழுதுங்கள்: பெட்ரோல், சர்வீஸ், டயர், மழையில் ஓட்டாத நாள், வண்டித் தவணை. கையில் நிற்பது எவ்வளவு என்று பார்த்துவிட்டு அப்பாவிடம் பேசுங்கள். பிஎஃப் கிடையாது என்பதையும் எழுதுங்கள். நிரந்தர வேலையில் அடிப்படைச் சம்பளத்தில் நீங்கள் 12 சதவீதம் போட்டால் முதலாளியும் 12 போடுவார், இங்கே அந்த இரண்டாவது 12 யாரிடமிருந்தும் வராது. நம் மாநிலத்தில் 2023 டிசம்பரில், உங்களைப் போல ஆப் மூலம் வேலை பார்க்கும் கிக் தொழிலாளர்களுக்கு நல வாரியம் அமைத்தார்கள். இன்றே பதிவு செய்யுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

எனக்கு 1985-ல் கல்யாணம் ஆயிற்று. தாத்தா வழி நிலத்தை இப்போது பிரிக்கிறார்கள். "உனக்குப் பங்கு இல்லை, சும்மா ஒரு கையெழுத்துப் போடு" என்று அண்ணன் விடுதலைப் பத்திரம் கொண்டுவந்திருக்கிறார்.

விடுதலைப் பத்திரம் என்றால் "என் பங்கை விட்டுவிடுகிறேன்" என்று எழுதிக் கொடுப்பது. பங்கு இல்லாதவரிடம் அதில் கையெழுத்துக் கேட்க மாட்டார்கள், அம்மா. கேட்கிறார்கள் என்பதிலேயே பதில் இருக்கிறது.

அண்ணன் மனதில் இருப்பது பழைய விதியாக இருக்கலாம். 1989-ல் தமிழ்நாடு மகள்களுக்குச் சமபங்கு கொடுத்தபோது, அந்த வருடம் மார்ச் 25-க்கு முன் கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. 2005-ல் வந்த மத்தியச் சட்டத்தில் அந்த விலக்கு இல்லை. 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இது இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவர்களுக்கு. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பாகப்பிரிவினை நடந்திருந்தால் அதைத் தொட முடியாது. அப்பா சுயமாகச் சம்பாதித்ததை யாருக்கு எழுதுவது என்பது அவர் இஷ்டம். இது இரண்டும் பொருந்துமா என்று ஒரு வக்கீலிடம் பத்திரங்களைக் காட்டிக் கேளுங்கள்.

பங்கு கிடைத்த பிறகு அண்ணனுக்கே விட்டுக்கொடுக்க உங்களுக்கு மனம் இருந்தால் கொடுங்கள். தெரியாமல் விட்டுக்கொடுப்பது வேண்டாம். "படித்துப் பார்த்துச் சொல்கிறேன்" என்று பத்திரத்தின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்லும்போது குரல் நடுங்கினால் பரவாயில்லை.

லாட்ஜில் ரூம் எடுத்தால் ஆதார் நகல் கேட்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டுமா?

அடையாளச் சான்று கேட்பது சரி. ஆதாராகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. டிரைவிங் லைசென்ஸ், வாக்காளர் அட்டை காட்டலாம். ஆதார்தான் இருக்கிறது என்றால் கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நகலின் குறுக்கே எதற்காக, என்ன தேதி என்று எழுதிக் கொடுங்கள்.

வயது 71. பேத்தியிடம் போன் கற்றுக்கொடு என்றால், "நான் பண்ணித் தரேன் பாட்டி" என்று பிடுங்கிக்கொள்கிறாள். எனக்கே செய்ய ஆசை.

இந்தக் கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கரண்ட் பில்லில் தொடங்குங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வரும், அவசரமில்லை. இணைப்பு எண் மீட்டர் அட்டையில் இருக்கும். முதல் தடவை பேத்தி செய்யும்போது ஒவ்வொரு படியையும் உங்கள் கையெழுத்தில் நோட்டில் எழுதுங்கள்: எந்த நிறப் பொத்தான், அடுத்து என்ன வருகிறது, பணம் கட்டியதும் திரையில் என்ன எழுத்து. பின் நம்பரை மட்டும் எழுத வேண்டாம்.

இரண்டாவது தடவை நோட்டைப் பார்த்து நீங்களே செய்யுங்கள். அரை மணி நேரம் ஆகட்டும். பேத்தி பக்கத்தில் உட்காரலாம், ஆனால் கை இரண்டும் அவள் மடியிலேயே இருக்கட்டும்.