கூரை பிரிக்கும்போது டம்ப்ஸ்டர்: வாசகர் கேள்விகள்

ஆலங்கட்டி மழை சீசன் வந்து கூரைகள் சேதமானால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி டம்ப்ஸ்டர், அதாவது கழிவைப் போட வாடகைக்கு எடுக்கும் பெரிய இரும்புப் பெட்டி பற்றித்தான் இருக்கும். இந்த முறையும் அப்படியே.

கே: 30 ஸ்கொயர் கூரை (ஒரு ஸ்கொயர் 100 சதுர அடி), ஒரே அடுக்கு ஆர்க்கிடெக்சரல் ஷிங்கிள் (தடிப்பான தார் தகடு). எத்தனை யார்ட் (பெட்டியின் கொள்ளளவு, கன யார்டில்) சொல்ல வேண்டும்? (பிளேனோ, டெக்சஸ்)

20 யார்ட் போதும். ஆனால் யார்டை விட டன் முக்கியம். ஸ்கொயருக்கு 250 பவுண்டு என்று வைத்தாலே 7,500 பவுண்டு ஆகிறது. ஷிங்கிளுக்கு அடியில் விரித்த ஃபெல்ட், ஆணி, உளுத்த பிளைவுட் எல்லாம் சேர்ந்தால் நாலு டன்னைத் தொடும் (ஒரு டன் 2,000 பவுண்டு). வாடகையில் எத்தனை டன் அடக்கம் என்று கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள். இரண்டு டன்தான் என்றால் அந்த மலிவு விலையை நம்பாதீர்கள்.

கே: எங்கள் வீட்டுக்கு டம்ப்ஸ்டர் எவ்வளவு ஆகும்?

எந்த ஊர்? எத்தனை ஸ்கொயர்? ஷிங்கிளா, ஓடா? எத்தனை அடுக்கு? நாலையும் எழுதி அனுப்புங்கள், அப்புறம் பேசலாம்.

கே: 20 யார்டுக்கும் 40 யார்டுக்கும் வாடகை வித்தியாசம் 150 டாலர்தான். பெரியதாகவே எடுத்துவிட்டால் மிச்ச இடத்தில் கராஜில் கிடக்கும் பழைய சாமானையும் போட்டுவிடலாமே? (எடிசன், நியூ ஜெர்சி)

இந்தக் கேள்வியை வருடா வருடம் யாராவது கேட்கிறார்கள். வருடா வருடம் எனக்கு எரிச்சலும் வருகிறது.

40 யார்ட் பெட்டி சோபா, அட்டைப்பெட்டி, மரச்சட்டம் மாதிரி இடத்தை அடைக்கும் லேசான சாமானுக்காகச் செய்தது. அதில் விளிம்பு வரை ஷிங்கிளைக் கொட்டினால் எடை பத்து டன்னைத் தாண்டிவிடும். சாலையில் லாரி இவ்வளவுதான் ஏற்றலாம் என்று சட்டம் இருக்கிறது, டிரைவர் அதைத் தூக்கவே மாட்டார். அதனால்தான் கூரைக் கழிவு என்று சொன்னதுமே விவரம் தெரிந்த கம்பெனிகள் 10, 15, 20 யார்டோடு நிறுத்திக்கொள்கின்றன. பக்கச் சுவர் நாலடி உயரத்தில் இருந்தால் கீழே விழுந்ததை ஆட்கள் அள்ளிப் போடவும் சுலபம். 40 யார்ட் பெட்டியின் சுவரோ எட்டடி.

சரி, பாதி மட்டும் நிரப்புகிறேன் என்பீர்கள். பில் போடுவது பெட்டியின் அளவைப் பார்த்து அல்ல. குப்பைக் கிடங்கின் எடை மேடையில் லாரியைச் சுமையோடு ஒருமுறை, காலியாக ஒருமுறை நிறுத்துவார்கள். வித்தியாசம்தான் உங்கள் கணக்கு. அடக்கமான டன்னைத் தாண்டியதும் டன்னுக்கு இவ்வளவு என்று ஏறும், பல ஊர்களில் அது நூறு டாலருக்கு அக்கம்பக்கம். 150 டாலர்தான் வித்தியாசம் என்ற உங்கள் கணக்கு அங்கேயே தவறிப்போகும்.

கராஜ் சாமான் கதை இன்னும் மோசம். சுத்தமான ஷிங்கிள் லோடை அரைத்துச் சாலைத் தாரில் கலக்கும் ஆலைகள் உண்டு, அங்கே போனால் கொட்டும் கட்டணம் குறையக்கூடும். நடுவில் ஒரு மெத்தையைச் செருகினால் அந்த வழி அடைபட்டது. பெயிண்ட் டின், கார் பேட்டரி, டயர், ஃப்ரிட்ஜ் எதுவும் போடக்கூடாது. நியூ ஜெர்சியில் டிவி, கம்ப்யூட்டரைக் குப்பையில் போடுவதே 2011-லிருந்து தடை. கராஜைச் சுத்தம் செய்ய வேண்டுமென்றால் தனியாக ஒரு சனிக்கிழமை செய்யுங்கள்.

கே: விளிம்புக்கு மேல் ஓர் அடிதான் இருந்தது. டிரைவர் எடுக்காமல் திரும்பிப் போய்விட்டார். புகார் செய்யலாமா? (நேப்பர்வில், இல்லினாய்)

செய்யலாம், பிரயோஜனம் இருக்காது. அவர் செய்தது சரி. மேலே தார்ப்பாய் போட்டு மூட முடியாத பெட்டி நெடுஞ்சாலையில் ஓடக்கூடாது. மேலே இருப்பதை இறக்கி வையுங்கள். வந்து திரும்பிய நடைக்கும் கட்டணம் வரும், தயாராக இருங்கள்.

கே: டிரைவ்வே கெட்டுப்போகுமா? (கேரி, நார்த் கரோலினா)

பலகை போடாவிட்டால் கெடும். பின்பக்க இரும்புச் சக்கரங்கள் இறங்கும் இடத்தில் தடிப்பான பிளைவுட்டோ மரப்பலகையோ வேண்டும். அதுவும் லாரி வருவதற்கு முன்பே. பெட்டி இறங்கிய பிறகு பலகையைத் தேடி என்ன பயன்? தார் போட்ட டிரைவ்வே என்றால் கோடை வெயிலில் இரட்டிப்புக் கவனம். வாடகை ஒப்பந்தத்தில் 'டிரைவ்வே சேதத்துக்குப் பொறுப்பல்ல' என்ற வரி அநேகமாக இருக்கும், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கே: தெருவில் நிறுத்த எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) சரி என்றுவிட்டது. போதுமா?

போதாது. தெரு பெரும்பாலும் நகராட்சியுடையது. அநேக ஊர்களில் பர்மிட் தனியாக வாங்க வேண்டும்.

கே: 1950-களில் கட்டிய வீடு. ஷிங்கிளுக்கு அடியில் சாம்பல் நிறத்தில், சிமென்ட் ஓடு மாதிரி கெட்டியாக இன்னொரு அடுக்கு தெரிகிறது. அதையும் சேர்த்து அதே டம்ப்ஸ்டரில் போடலாமா?

வேலையை நிறுத்துங்கள். அது ஆஸ்பெஸ்டாஸ் கலந்த ஓடாக இருக்கலாம். உடைக்காதீர்கள், பெருக்காதீர்கள். மாதிரி எடுப்பதையும் பயிற்சி பெற்றவரிடம் விட்டு, லேப் சோதனை முடிவு வந்த பிறகு டம்ப்ஸ்டரைப் பற்றி யோசிக்கலாம். சாதாரண டம்ப்ஸ்டரில் ஆஸ்பெஸ்டாஸ் கூடாது, அதற்குத் தனி விதிகள் உண்டு. வெறும் சிமென்ட் என்று முடிவு வந்தாலும் இரண்டு அடுக்கு என்றால் எடை இரு மடங்கு. திரும்பவும் சொல்கிறேன், டன் கணக்கைக் கேளுங்கள்.

கே: இன்சூரன்ஸ் டிடக்டிபிளை (நம் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கை) தள்ளிவிடுகிறேன், டம்ப்ஸ்டர் செலவை மட்டும் கையில் கொடுங்கள் என்கிறார் ரூஃபர் (கூரை வேலை கான்ட்ராக்டர்). நல்ல டீல்தானே? (ஃபிரிஸ்கோ, டெக்சஸ்)

இல்லை. டெக்சஸில் ரூஃபர் அப்படித் தள்ளிவிடுவது 2019 செப்டம்பரிலிருந்து சட்ட விரோதம். பழைய கூரையைப் பிரித்து அப்புறப்படுத்தும் செலவு இன்சூரன்ஸ் எஸ்டிமேட்டிலேயே பெரும்பாலும் இருக்கும். அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். ஏற்கெனவே கணக்கில் இருப்பதற்கு உங்களிடம் இன்னொரு முறை கேட்கிறார். வேறு ஆளைப் பாருங்கள்.

கே: டம்ப்ஸ்டர் போன மறுநாளே காரில் ஆணி ஏறிவிட்டது.

காந்த உருளையைத் தள்ளிக்கொண்டு டிரைவ்வேயைச் சுற்றி வருவது ரூஃபரின் வேலை. ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருக்க வேண்டும். இப்போது கூப்பிட்டு, பெட்டி நின்ற இடத்தில் ஒருமுறை, புல்வெளியில் ஒருமுறை ஓட்டச் சொல்லுங்கள். அதுவரை புல் வெட்டும் மெஷினை வெளியே எடுக்காதீர்கள்.