அரக்கு நிறமா, அரக்குச் சாயமா?

கேள்வி: இணையத்தில் ஒரு கருஞ்சிவப்புப் பட்டாடை பார்த்தேன். 'அரக்கு, பூச்சியிலிருந்து எடுத்த இயற்கைச் சாயம்' என்று போட்டிருக்கிறார்கள். நம்பி வாங்கலாமா? துவைத்தால் நிறம் நிற்குமா?

பதில்: முதலில் அந்த 'அரக்கு' என்ற சொல்லிலேயே சிக்கல் இருக்கிறது. கருஞ்சிவப்பு எதுவானாலும் அரக்கு நிறம் என்றுதான் சொல்கிறோம். ஆலைச் சாயத்தில் தோய்த்தெடுத்த பட்டும் அரக்கு நிறம்தான். அதனால் நிறத்தைச் சொல்கிறாரா, சாயத்தைச் சொல்கிறாரா என்று விற்பவரிடம் கேட்டுவிடுங்கள்.

அரக்குப் பூச்சி புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் அடையடையாகப் படியும். அதைச் சுரண்டிப் பொடித்து நீரில் அலசினால் இறங்குகிற சிவப்புதான் சாயம். சப்பாத்திக்கள்ளியில் வளரும் கொச்சினீல் பூச்சியிலிருந்தும் சிவப்பு கிடைக்கும். அது பெரு நாட்டில் அதிகம். உலர்ந்த பூச்சி ஒரு கிலோ சேர ஒரு லட்சத்துக்கும் மேல் பூச்சிகள் வேண்டும். உயிர்க்கொலை உறுத்துகிறவர்கள் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, 'நிறம் பிடிக்க என்ன சேர்த்தீர்கள்?' என்று கேளுங்கள். படிகாரம் என்றால் ஆழ்ந்த சிவப்பு வரும், வெள்ளீய உப்பு என்றால் பளீர்ச் சிவப்பு, இரும்பு என்றால் ஊதா கலந்த கருமை. சாயம் போடத் தெரிந்தவர் இதற்குத் தயங்கவே மாட்டார்.

ஆடை கைக்கு வந்ததும் உள்மடிப்பில் பிரிந்து நிற்கும் இரண்டு இழைகளைக் கத்தரித்துக்கொள்ளுங்கள். ஒன்றின் மேல் எலுமிச்சைச்சாறு, மற்றதன் மேல் சலவைசோடா கரைத்த நீர், ஒவ்வொரு சொட்டு. பூச்சிச் சாயமானால் முதலாவது ஆரஞ்சுப் பக்கம் போகும், இரண்டாவது ஊதாவாகும். சில செயற்கைச் சாயங்களும் இப்படி மாறும் என்பதால் இதை முடிவான சான்றாக எடுக்க முடியாது. உறுதியாகத் தெரிய ஆய்வகம்தான் வழி. ஆனால் இரண்டு இழையும் அசையாமல் அப்படியே இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

துவைக்கும்போது கவனிக்க வேண்டியதும் இதேதான். சாதாரண சோப்பில் காரம் உண்டு, அது சிவப்பை ஊதாவாக்கிவிடும். காரமில்லாத மென்மையான சலவைத் திரவம், குளிர்ந்த நீர், நிழலில் உலர்த்தல், அவ்வளவுதான். முதல் அலசலில் கொஞ்சம் நிறம் இறங்கினால் பயப்பட வேண்டாம். மூன்றாவது முறையும் தண்ணீர் சிவந்தால் சாயம் சரியாக ஏறவில்லை, திருப்பிக் கொடுங்கள். அப்போது பேச்சு மாறாமலிருக்க, எந்தப் பூச்சியின் சாயம் என்பதை வாங்கும்போதே ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.