அடுத்து எதைப் படிப்பது?

அன்புள்ள ஐயா,

கடந்த ஒரு வருடமாக நிறைய வாசித்தேன். பெரும்பாலும் புதிதாக வந்த, எல்லோரும் பேசிய நாவல்கள். முடித்த புத்தகங்களைக் குறித்துவைப்பேன். அண்மையில் அந்தக் குறிப்பைப் புரட்டியபோது பாதிக்கு மேல் கதையே நினைவில் இல்லை. மூன்று மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’, ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’, வங்க மொழியிலிருந்து வந்த ‘நீலகண்டப் பறவையைத் தேடி’. மூன்றுமே தற்செயலாகக் கைக்கு வந்தவை. இவற்றை யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லையே என்று ஆற்றாமையாக இருக்கிறது. இனி எதைப் படிக்கலாம்? திட்டம் போட்டு வாசிக்க வேண்டுமா? பிடிக்காத நாவலையும் முடித்துத்தான் ஆகவேண்டுமா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பிடிக்கவில்லை என்றால் மூடிவைத்துவிடலாம். ஆனால் அதோடு அந்தப் புத்தகத்தின் கணக்கை முடித்துவிட வேண்டாம். ‘புயலிலே ஒரு தோணி’யையே முதல் ஐம்பது பக்கத்தில் கீழே வைத்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். இந்தோனேசியாவின் மெடான் நகரத் தெருக்கள், டச்சுப் பெயர்கள், மலாய்ச் சொற்கள் எல்லாம் முதலில் மிரட்டத்தான் செய்யும். சில வருடம் கழித்து அதே ஆட்கள் அதை ஒரே மூச்சில் முடித்திருக்கிறார்கள்.

சிங்காரத்தை உங்களுக்கு யாரும் சொல்லாததற்குக் காரணம் உண்டு. 1920-இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். இளம் வயதிலேயே வேலைக்காக மெடான் போனார். திரும்பிவந்து மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார். எழுதியது இரண்டே நாவல்கள். ‘கடலுக்கு அப்பால்’ 1959-இலும் ‘புயலிலே ஒரு தோணி’ 1972-இலும் புத்தகமாக வந்தன. அப்புறம் எழுதவில்லை. இலக்கியக் குழு எதிலும் அவர் இல்லை. அப்படிப்பட்டவரைப் படித்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லித்தான் ஆகவேண்டும். நீங்களும் சொல்லுங்கள்.

அதில் எனக்கு மிகப் பிடித்தவை இரண்டு. ஒன்று, நடுக்கடலில் தொங்கான் என்னும் பாய்மரக் கப்பலைப் புயல் புரட்டிப்போடும் பகுதி. வாக்கியங்களே அலைபோல எழுந்து விழும். இன்னொன்று, எங்கோ கடல் கடந்து உட்கார்ந்திருக்கும் நாயகன் பாண்டியன் மதுரைத் தெருக்களை மனதுக்குள் நடந்து பார்ப்பது. ஊரை விட்டு வந்தவனால்தான் ஊரை அவ்வளவு துல்லியமாகப் பார்க்க முடியும் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். சாகசமும் இரண்டாம் உலக யுத்தமும் இருந்தும் அந்த நாவலை இழுத்துப் போவது இந்த ஏக்கம்தான்.

உங்கள் மூன்று புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிங்காரத்தில் பிழைக்கப் போனவர்கள். ‘நீலகண்டப் பறவையைத் தேடி’யில் பிரிவினைக்கு முந்தைய கிழக்கு வங்கம், கைநழுவிப் போகப்போகும் மண். 1964-இல் வந்த ‘புத்தம் வீடு’ நேர் எதிர். அதில் லிஸி வயதுக்கு வந்ததும் வீட்டுக்குள் அடைபட்டுப்போகிறாள். பனையேறி மகன் தங்கராஜைப் பற்றிய அவள் நினைப்பு அந்தச் சுவர்களுக்குள்ளேயே வளர்கிறது. ஹெப்சிபா குரலை உயர்த்துவதே இல்லை, ஆனால் மூச்சு முட்டுகிறது. சொந்த மண்ணில் கட்டிப்போடப்பட்டவர்கள், மண்ணை விட்டுப் பிடுங்கப்பட்டவர்கள் என இருவரையும் நீங்கள் தேடித்தேடி வாசித்திருக்கிறீர்கள். இதைத் தற்செயல் என்று நான் நம்பவில்லை. உங்களுக்குள் இருக்கும் கேள்விதான் புத்தகங்களைப் பொறுக்கி எடுத்திருக்கிறது. தனியாக ஒரு திட்டம் எதற்கு?

சரி, அடுத்து. முதலில் ‘கடலுக்கு அப்பால்’. சின்ன நாவல்தான். பினாங்கில் வட்டிக்கடை நடத்தும் வயிரமுத்துப் பிள்ளையிடம் வேலை செய்த செல்லையா இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்துவிட்டுத் திரும்பிவருகிறான். துப்பாக்கி பிடித்தவன் கடைக்கும் ஆகமாட்டான், மகள் மரகதத்துக்கும் ஆகமாட்டான் என்பது பிள்ளையின் தீர்மானம். இருவர் பக்கமும் நியாயம் இருப்பதுதான் அதில் வேதனை. அதை முடித்ததும் ஹெப்சிபாவின் ‘மா-னீ’யைத் தேடுங்கள். பர்மாவில் வாழ்ந்த ஒரு தமிழ்க் குடும்பமும் அதே யுத்தமும். சிங்காரம் ஆண்களின் உலகத்திலிருந்து பார்த்ததை இங்கே வீட்டுக்குள்ளிருந்து பார்க்கலாம்.

அதற்கப்புறம் ‘எரியும் பனிக்காடு’. தேயிலைத் தோட்டத்தில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதியது, தமிழில் இரா. முருகவேள். தோட்டத்துக்கு ஆள்பிடிக்கும் கங்காணியின் பேச்சை நம்பி மலையேறும் கருப்பனும் வள்ளியும் எப்படிக் கடனில் சிக்குகிறார்கள் என்பதைப் படிக்கும்போது கோபம் வரும், வரட்டும்.

வங்க நாவல்களுக்கு மட்டும் வேறு ஒரு வழி சொல்கிறேன். மொழிபெயர்ப்பாளர் பெயரைப் பிடித்துக்கொண்டு போங்கள். ‘நீலகண்டப் பறவையைத் தேடி’யைத் தமிழில் தந்தவர் சு. கிருஷ்ணமூர்த்தி. அவர் பெயர் போட்ட எதைக் கண்டாலும் எடுத்துக்கொள்ளுங்கள். த. நா. குமாரஸ்வாமி மொழிபெயர்த்த ‘ஆரோக்கிய நிகேதன’த்தையும் விட்டுவிடாதீர்கள். நாடி பிடித்தே மரண நேரத்தைச் சொல்லிவிடும் ஒரு முதிய வைத்தியர், புதிய மருத்துவம் படித்துவந்த இளைஞரை எதிர்கொள்ளும் கதை. தாராசங்கர் பந்தோபாத்யாய எழுதியது. அதை அவசரப்படாமல் வாசியுங்கள். முடித்ததும் எனக்கு எழுதுங்கள், அந்த முதியவரைப் பற்றி நாம் நிறையப் பேசலாம்.