கேபிள் சரியாகத்தான் இருக்கிறது, சவுண்ட்பார் ஏன் பேசவில்லை?

கேள்வி: புது சவுண்ட்பாரை எச்.டி.எம்.ஐ. கேபிளில் டிவியோடு இணைத்துவிட்டேன். சத்தம் இன்னும் டிவி ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறது. விலை கூடிய கேபிள் வாங்கினால் சரியாகும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் டார்ச் அடித்து டிவியின் பின்பக்கத்தைப் பாருங்கள். மூன்று நான்கு எச்.டி.எம்.ஐ. போர்ட்டுகள் இருக்கும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் டிவியின் சத்தத்தை வெளியே அனுப்புவது பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். அதன் அருகில் ஏ.ஆர்.சி. அல்லது அதன் மேம்பட்ட வடிவமான இ-ஏ.ஆர்.சி. என்று அச்சிட்டிருக்கும். மற்றவை உள்ளே வாங்குவதற்கு மட்டுமே. சவுண்ட்பாரிலும் இதே கதை: ‘இன்’ என்று போட்டிருப்பது பிளேயருக்கு, ‘அவுட்’ அல்லது ‘டிவி’ என்று போட்டிருப்பதுதான் உங்களுக்கு வேண்டியது.

அங்கே மாட்டியும் ஊமையாக இருந்தால் சி.இ.சி. அணைந்திருக்கலாம். கருவிகள் ஒன்றையொன்று இயக்கிக்கொள்ளும் வசதி அது. பல டிவிகளில் அது இல்லாமல் ஏ.ஆர்.சி. வேலை செய்யாது. ஆனால் மெனுவில் சி.இ.சி. என்று தேடினால் அகப்படாது. சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று ஆளுக்கொரு பெயர் சூட்டியிருக்கிறார்கள். ஒரே வசதிக்கு இத்தனை பெயர் எதற்கு என்று கேட்கத்தான் தோன்றும். அதை ஆன் செய்துவிட்டு, ஒலி அமைப்பில் டிவி ஸ்பீக்கருக்குப் பதிலாக ஏ.ஆர்.சி.யைத் தேர்ந்தெடுங்கள்.

நேற்றுவரை பேசியது இன்று பேசவில்லை என்றால் ரிமோட்டில் அணைத்துப் போடுவது போதாது. அப்போது கருவிகள் தூங்குகின்றனவே தவிர, குழம்பிப்போன பழைய இணைப்பை மறப்பதில்லை. எச்.டி.எம்.ஐ.யில் கோத்திருக்கும் எல்லாவற்றின் பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கி, சில நிமிடம் விட்டு, டிவியை முதலிலும் சவுண்ட்பாரை அடுத்தும் போடுங்கள். இதற்கும் மசியவில்லை என்றால்தான் கேபிளைச் சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி: எனக்குச் சத்தம் வருகிறது, ஆனால் பின் ஸ்பீக்கர்கள் பேசவில்லை. ஒலியை ஒளியாகக் கடத்தும் ஆப்டிகல் கேபிளில் இணைத்திருக்கிறேன்.

பதில்: டிவியின் டிஜிட்டல் ஒலி வடிவம் பி.சி.எம். (சுருக்காத ஒலி) என்று இருக்கிறதா பாருங்கள். ஆப்டிகலில் பி.சி.எம். என்றால் இரண்டு சேனல்தான் போகும். சுருக்கிய ஒலியை அனுப்பும் பிட்ஸ்ட்ரீம் அல்லது டால்பி டிஜிட்டல் என்று மாற்றினால் பின் ஸ்பீக்கர்களையும் சேர்த்த 5.1 ஒலி கிடைக்கும். ஆப்டிகலின் எல்லையும் அதுவே. மேலிருந்தும் ஒலி கேட்கச் செய்யும் அட்மாஸை ஸ்ட்ரீமிங் செயலிகள் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற வடிவில் அனுப்புகின்றன. அதை ஆப்டிகல் சுமக்காது, ஏ.ஆர்.சி. சுமக்கும். புளூ-ரே வட்டில் இருக்கும், தரம் குறையாத ட்ரூ-எச்.டி. ஒலி டிவி வழியாகப் போக வேண்டுமென்றால் இரு முனையிலும் இ-ஏ.ஆர்.சி. இருக்க வேண்டும். அல்லது பிளேயரை நேரே சவுண்ட்பாரின் ‘இன்’ போர்ட்டில் மாட்டிவிடுங்கள்.

ஆப்டிகலில் சத்தமே வரவில்லை என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை: புதுக் கேபிளின் இரு நுனியிலும் எளிதில் கண்ணில் படாத சிறு பிளாஸ்டிக் மூடி பெரும்பாலும் இருக்கும். அதைக் கழற்றினீர்களா? டிவி பக்கம் மாட்டி, மறு நுனியைச் சுவரை நோக்கிப் பிடித்தால் சிவப்பு வெளிச்சம் விழ வேண்டும்.

கேள்வி: 4கே பிளேயரைப் பழைய ஏ.வி. ரிசீவர் (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) வழியாக 4கே டிவிக்குக் கொடுத்தால் திரை கறுப்பாகிறது.

பதில்: 4கே படங்களுக்கான நகல் தடுப்பு எச்.டி.சி.பி. 2.2. பிளேயர், ரிசீவர், டிவி மூன்றுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். நடுவில் ஒன்றுக்குத் தெரியாவிட்டாலும் படத்தின் தெளிவு 1080-க்கு இறங்கும், இல்லையேல் படமே வராது. கேபிளை மாற்றிப் பயனில்லை. பிளேயரில் இரண்டு எச்.டி.எம்.ஐ. அவுட் இருந்தால் ஒன்றை டிவிக்கும், ஒலிக்கான மற்றதை ரிசீவருக்கும் கொடுங்கள். ஒன்றுதான் இருந்தால் பிளேயரை டிவியில் மாட்டி, ஒலியை ஏ.ஆர்.சி. வழியாகவோ ஆப்டிகல் வழியாகவோ ரிசீவருக்குக் கொண்டுவாருங்கள்.