முயலின் தலையில் இறங்கியவர்கள்

கேள்வி: நிலாவில் முயல் இருப்பதாக எங்கள் ஆயா வளவில் (வீட்டு நடு முற்றத்தில்) உட்காரவைத்துக் காட்டுவார். இப்போது என் பேத்தி, "அது கடல்னு புத்தகத்துல போட்டிருக்கே, தண்ணி எங்கே ஐயா?" என்று மடக்குகிறாள். என்ன சொல்ல?
- வாசகர், தேவகோட்டை

பதில்: பேத்தி கெட்டிக்காரி. அந்தக் கடல்களில் தண்ணீரே கிடையாது. தொலைநோக்கி வந்த புதிதில் கறுப்பாக, மட்டமாகத் தெரிந்ததைக் கடல் என்று நினைத்துக்கொண்டார்கள். 1651-ல் ரிச்சியோலி என்ற இத்தாலியப் பாதிரியார் அமைதிக் கடல், மழைக் கடல் என்றெல்லாம் பெயர் சூட்டினார், அதுவே நின்றுவிட்டது. உண்மையில் அது இறுகிப்போன எரிமலைக் குழம்பு. இரும்பு மிகுந்த கல் என்பதால் வெளிச்சத்தைக் குறைவாகத் திருப்பி அனுப்புகிறது, அதுதான் கறுப்பு.

காரைக்குடிப் பக்கம் பல வருடம் பௌதிகம் நடத்தினேன். இந்தக் குழம்பு எப்படி வந்தது என்று கேட்டால் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பதிலைத்தான் எழுதுவார்கள்: "விண்கல் விழுந்த சூட்டில் உருகியது." இல்லை! எங்கள் வீட்டில் நசுங்கிய எவர்சில்வர் தாம்பாளம் ஒன்று இருக்கிறது. போன தீபாவளிக்கு அதிரசப் பாகு மிஞ்சியதை வீட்டுக்காரி அதில் ஊற்றிவைத்தாள். பாகு பள்ளம் பார்த்து ஓடி, நிரம்பி, கறுப்பாய் மட்டமாய் நின்றது. மேடுகள் பளபளவென்று தெரிந்தன. தாம்பாளம் நசுங்கியது என் கல்யாணத்தில், பாகு ஊற்றியது போன வருடம். நிலாவிலும் அப்படித்தான். மழைக் கடலின் பள்ளத்தை விண்கல் தோண்டியது சுமார் 390 கோடி ஆண்டுகளுக்கு முன். குழம்பு உள்ளிருந்து தவணை தவணையாக வந்தது அப்புறம்தான். 2020-ல் சீனாவின் சாங்'இ-5 விண்கலம், புயல் பெருங்கடல் என்ற இன்னொரு கறுப்புப் பரப்பிலிருந்து அள்ளி வந்த கல்லுக்கு வயது 200 கோடிதான்!

நிலா நமக்குக் காட்டும் பக்கத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கறுப்பு. மறுபக்கத்தில் அது மிகச் சொற்பம். 1959-ல் சோவியத் விண்கலம் லூனா-3 படம் எடுத்த பிறகுதான் இது தெரிந்தது. அங்கே மேலோடு தடிமன் என்பது ஒரு காரணம். அது மட்டும் போதாது என்று இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, ஆயாவின் முயலை விட்டுவிட வேண்டாம். தலை அமைதிக் கடல்; காதுகள் செழுமைக் கடலும் அமுதக் கடலும். 1969 ஜூலை 20-ல் ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் இறங்கியது அந்தத் தலையில்தான். பைனாகுலர் இருந்தால் பேத்தியை மொட்டைமாடிக்கு அழைத்துப் போங்கள். வளவு வேண்டாம். நான் அங்கே ஸ்டாண்டை நிமிர்த்தி முடிப்பதற்குள் நிலா ஓட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.