பரங்கியில் சிவப்பு வண்டு குறையவில்லை, தேனீயும் வரவில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கத்தில் முக்கால் ஏக்கரில் பரங்கி போட்டிருக்கிறேன். முளைத்ததிலிருந்து சிவப்பு வண்டு இலையைச் சல்லடையாக்குகிறது. ரசாயன மருந்து வேண்டாம் என்று புகையிலை, பூண்டு, மிளகாய் சேர்த்துக் காய்ச்சிய கரைசலை வாரம் ஒரு முறை காலையில் அடிக்கிறேன். இப்போது பூ நிறைய இருந்தும் பிஞ்சு மஞ்சளாகி உதிர்கிறது. முன்பு வந்த தேனீக்களைக் காணவில்லை. பக்கத்து வயல் பாகலை மட்டும் இந்த வண்டு தொடவில்லை. கசப்புதான் காரணம், பேய்க்கும்மட்டிக் காயை அரைத்துத் தெளித்தால் வண்டு ஓடிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: பேய்க்கும்மட்டிக் கரைசலைத் தெளிக்க வேண்டாம். புகையிலைக் கரைசலையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். இரண்டுக்கும் காரணம் வேறு வேறு என்பதால் தனித்தனியே விளக்குகிறேன்.

பரங்கி, வெள்ளரி, சுரை, கும்மட்டி ஆகிய கொடிகளின் கசப்புக்குக் குக்கர்பிட்டசின் எனப்படும் வேதிப்பொருள்களே காரணம். தன்னைத் தின்ன வரும் பெரும்பாலான பூச்சிகளையும் சிலந்திப்பேன்களையும் விலக்கிவைக்கக் கொடி தானே தயாரித்துக்கொள்ளும் காவல் இது. ஆனால் சிவப்புப் பூசணி வண்டு இந்தக் கொடிகளையே நம்பி வாழும் பூச்சியாதலால், கசப்பைத் தாங்கிக்கொள்ளப் பழகியதோடு நில்லாமல், அதையே தன் உணவின் அடையாளமாகவும் கொண்டுவிட்டது. அந்தக் கசப்பு வாயில் பட்டவுடன் நகராமல் நின்று தின்னத் தொடங்கும். வெள்ளரியில் கசப்புள்ள செடியைச் சிலந்திப்பேன் அதிகம் தாக்குவதில்லை, அந்நாட்டு வெள்ளரி வண்டு தாக்குகிறது என்பதையும், கசப்பற்ற செடியில் இது தலைகீழாக இருப்பதையும் அமெரிக்க ஆய்வாளர்கள் 1971-இலேயே எடுத்துக்காட்டியுள்ளனர். பேய்க்கும்மட்டி குக்கர்பிட்டசின் மிகுந்த காய். அதை அரைத்துப் பரங்கி இலையில் தெளிப்பது வண்டுக்கு விருந்து வைப்பதாகவே முடியும். பாகலின் கசப்போ வேறு. அதிலுள்ள மொமார்டிசின் முதலிய பொருள்கள் குக்கர்பிட்டசினுக்கு உறவானவைதான் என்றாலும், இவ்வகை வண்டுகளை உண்ணவிடாமல் தடுக்கின்றன. நம் நாக்குக்கு இரண்டும் கசப்புதான், வண்டுக்கு அப்படியன்று. (கொடியில் ஒரு சுரைக்காயோ பரங்கிக்காயோ வழக்கத்துக்கு மாறாகக் கடுமையாகக் கசந்தால் அதை வீட்டில் சமைக்க வேண்டாம். அந்த அளவு குக்கர்பிட்டசின் மனிதருக்கும் நஞ்சு.)

இனி புகையிலை. அதிலுள்ள நிகோடின் பூச்சியின் நரம்பைத் தாக்கும் நஞ்சு. வண்டின் நரம்பு, தேனீயின் நரம்பு என்ற பேதம் அதற்குக் கிடையாது. இமிடாகுளோபிரிட் போன்ற ரசாயனப் பூச்சிமருந்துகள் வேலை செய்வதும் நரம்பின் அதே இடத்தில்தான். தேனீக்களுக்கு ஏற்படும் கேட்டைக் கருதி ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் அந்த மருந்தைத் திறந்தவெளிப் பயிர்களில் பயன்படுத்தத் தடை விதித்தது. நீங்கள் ரசாயனம் வேண்டாம் என்று நல்லெண்ணத்தோடு ஒதுங்கினாலும், காய்ச்சிய புகையிலையின் வழியாக ஏறக்குறைய அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறீர்கள். நிகோடின் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும் என்பதால், தெளிக்கும் உங்களுக்கும் அது ஆபத்து. செடியிலிருந்து எடுத்தது என்பதாலேயே ஒரு பொருளை நம்பிவிடக்கூடாது. அது எந்தப் பூச்சிமேல், எந்த அளவில், எந்த நேரத்தில் படுகிறது என்பதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

நேரம்தான் உங்கள் வயலில் பெரிய சிக்கல் என்று கருதுகிறேன். பரங்கிப் பூ விடியும் வேளையில் விரிந்து, நண்பகலுக்குள் மூடிவிடும். மறுநாள் மீண்டும் விரியாது. ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. மகரந்தம் கனமாகவும் பிசுபிசுப்பாகவும் இருப்பதால் காற்றில் பறக்காது, தேனீ சுமந்து சென்றால்தான் உண்டு. அந்தச் சில மணி நேரத்தில் நீங்கள் தெளிக்கும்போது நஞ்சு பூவுக்குள் விழுகிறது, நனைந்த மகரந்தமும் வீணாகிறது. மகரந்தம் சேராத பெண் பூவின் பிஞ்சு சில நாளில் மஞ்சளாகி உதிர்வது இயல்பு.

இதை நீங்களே சோதித்து உறுதிப்படுத்திக்கொள்ளலாம். காலை எட்டு மணிக்குள் அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கிவிட்டு, பெண் பூவின் சூல்முடியில் மெதுவாகத் தடவுங்கள். இப்படிப் பத்துப் பூக்களுக்குச் செய்து, காம்பில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். அவை நின்று மற்றவை உதிர்ந்தால் குறை மகரந்தச் சேர்க்கையில்தான் இருக்கிறது. உரத்தைக் கூட்டிப் பணத்தைச் செலவிட வேண்டாம். உதிர்ந்த பிஞ்சுகள் சிலவற்றை அறுத்தும் பாருங்கள். உள்ளே வெள்ளைப் புழு இருந்தால் அது பழ ஈயின் வேலை. அதற்குப் பொறி வைப்பதானால் கியூலூர் என்னும் வாசனைப் பொருளால் ஈயை ஈர்க்கும் பொறியைக் கேட்டு வாங்குங்கள். மா மரத்துக்கு வைக்கும் மெத்தில் யூஜினால் பொறியைக் கொடிக்காய்த் தோட்டத்தில் தொங்கவிட்டுப் பயனில்லை என்று நொந்துகொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கொடிக்காய்களைத் தாக்கும் பழ ஈ அந்த வாசனைக்கு வராது.

வண்டைப் பொறுத்தவரை, விதையிலைப் பருவத்தில்தான் அது பயிரையே அழித்துவிடும். கொடி ஓடிப் பூத்த பிறகு இலையில் சில ஓட்டைகளைச் செடி தாங்கிக்கொள்ளும். ஆகவே இப்போது அதிகாலைக் குளிரில் வண்டுகள் மந்தமாக இருக்கும்போது, சோப்புத் தண்ணீர் உள்ள வாளியில் தட்டிவிட்டு அழிப்பதே போதுமானது. முட்டையைக் கொடியின் அடியில் ஈர மண்ணில் இடுவதால், அதன் புழு வேரைத் தின்று வளரும். அறுவடை முடிந்தவுடன் கொடிகளை அகற்றி ஆழ உழுதுவிட்டால் மண்ணிலுள்ள புழுவும் கூட்டுப்புழுவும் வெயிலுக்கும் பறவைக்கும் இரையாகும். அடுத்த போகத்தில் நாற்றுகளை வலையால் மூடிவைத்து, பெண் பூ வரும் முன் வலையை எடுத்துவிடுங்கள்.

இதற்கு மேலும் தெளித்தாக வேண்டும் என்றால் வேப்பங்கொட்டைப் பருப்புச் சாறு 5 சதவீதம் போதும். 5 கிலோ பருப்பை இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, சிறிது காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்து 100 லிட்டராக்கிக்கொள்ளலாம். அதிலுள்ள அசாடிராக்டின் பெரும்பாலும் தின்ற பூச்சியின் பசியையும் தோலுரிப்பையுமே கெடுக்கிறது என்பதால், இலையைத் தின்னாத தேனீக்குப் பாதிப்பு குறைவு. ஆயினும் மகரந்தத்தோடு கூட்டுக்குப் போனால் தேனீப் புழுக்களைப் பாதிக்கக்கூடும். ஆகவே பூ மூடிய பிறகு, மாலை ஐந்து மணிக்கு மேல், இலையில் மட்டும் படும்படி தெளியுங்கள். வெயிலில் அசாடிராக்டின் விரைவில் சிதையும் என்பதாலும் மாலையே நல்லது. வேலியோரமாகப் பீர்க்கும் போட்டிருந்தால் அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பீர்க்கம்பூ மாலையில்தான் மலர்கிறது; அந்த வரிசையை மாலைத் தெளிப்பில் விட்டுவிடுங்கள்.