கிரிம்ராக்: மூன்றாம் தளத்துச் சிலந்திகளும் கட்ட நடையும்

கேள்வி: 'லெஜண்ட் ஆஃப் கிரிம்ராக்' முதல் பாகம் ஆடுகிறேன். மூன்றாம் தளத்தில் சிலந்திகளிடம் திரும்பத் திரும்பச் சாகிறேன். தொடரலாமா, இரண்டாம் பாகத்துக்குத் தாவிவிடலாமா?

புதிர் பிடிக்கும் என்றால் தொடருங்கள். கதைக்காக ஆடுகிறீர்கள் என்றால் இப்போதே நிறுத்திவிடலாம். பின்லாந்தின் ஆல்மோஸ்ட் ஹியூமன் குழு 2012இல் வெளியிட்ட இந்த கேமில் கடை இல்லை, ஊர் இல்லை. நான்கு கைதிகளை மலைக்குள் தள்ளிவிடுவார்கள். அடிவரை போய் வெளியேறினால் விடுதலை, அவ்வளவுதான் கதை.

1987இல் வந்த 'டன்ஜன் மாஸ்டர்' என்ற கேம் போட்ட பாதை இது. நால்வரும் ஒரே கட்டத்தில் நிற்பார்கள், முன்னே இருவர், பின்னே இருவர். நடப்பது கட்டம் கட்டமாக, சண்டை மட்டும் நிகழ்நேரத்தில். கேமின் பலம், பலவீனம் இரண்டுமே இந்தக் கலவையில்தான் இருக்கின்றன.

சிலந்தியிடம் நேருக்கு நேர் நின்று அடிவாங்காதீர்கள். 2×2 கட்டமாவது காலியாக இருக்கும் இடத்துக்குப் பின்வாங்குங்கள். அது எதிரே வந்ததும் அடித்துவிட்டு D அழுத்தி வலப்பக்கம் ஒரு கட்டம் விலகுங்கள், உடனே Q அழுத்தி இடப்பக்கம் திரும்புங்கள். இப்போது நீங்கள் விட்டுவந்த கட்டத்தையே பார்த்து நிற்பீர்கள். துரத்தி வரும் சிலந்தி அதில்தான் கால் வைக்கும். அது உங்கள் பக்கம் திரும்பச் சற்று நேரம் பிடிக்கும், அந்த இடைவெளியில் முன்வரிசை வெட்ட வேண்டும். மறுபடி D, Q. அடி தவறினாலும் நின்று இன்னொரு முறை முயலக் கூடாது, பலரும் சாவது அங்கேதான். குறுகிய நடைபாதையில் இந்த வித்தை செல்லாது. விஷமுறிவு மருந்து இரண்டு குப்பி கையில் இருக்கட்டும்.

கை பழகிவிட்டால் பெரும்பாலான எதிரிகளை இந்த ஒரே நடையில் முடித்துவிடலாம். அப்புறம் சண்டையில் சுவை குறைந்துபோகும். மறுக்க முடியாத குறை இது. எலும்புக்கூட்டு வீரர்கள் நான்கு பேராக அணிவகுத்து வரும்போது மட்டும் பழைய பயம் கொஞ்சம் திரும்பும்.

இன்னொரு எரிச்சல் மந்திரம். ஒன்பது ரூன்கள் (மந்திரக் குறிகள்) கொண்ட பலகையில் தேவையானவற்றை ஒவ்வொரு முறையும் தொட்டுத் தொட்டுத்தான் ஏவ வேண்டும். ஓடிக்கொண்டே இதைச் செய்ய விரல் பழக நாளாகும். நெருப்பை மட்டும் கற்ற மந்திரவாதி, நெருப்பே உருவான உக்கார்டியன் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

புதிர்கள்தான் இதன் உயிர். மிதித்தால் இயங்கும் அழுத்தத் தகடு, படுகுழி, சுவர்க் கல்லோடு கல்லாக ஒளிந்திருக்கும் சின்னப் பொத்தான் என்று விடை எப்போதும் கண்ணெதிரேதான் இருக்கும். நொடிக்கணக்கில் ஓடிக் கடக்க வேண்டிய சில இடங்கள் மட்டும் புத்தியைவிட விரலைச் சோதிக்கின்றன. ரகசிய அறை தவறினாலும் கேமை முடித்துவிடலாம், அதற்காக மணிக்கணக்கில் சுவரைத் தடவ வேண்டாம். மேப்பை நீங்களே தாளில் வரைய ஆசையென்றால் பழைய பாணி முறையைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்க வேண்டும்.

2014இல் வந்த இரண்டாம் பாகம் திறந்தவெளித் தீவில் நடக்கிறது. போர்வீரன், மந்திரவாதி போன்ற பாத்திர வகுப்புகள் அதிகம், புதிர்களும் கடினம். முதல் பாகத்தில் கால் பழகிய பிறகு போவதே நல்லது.

உங்கள் தோல்விக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். ஸ்கில் பாயிண்ட்களை, அதாவது திறன்களை வளர்க்கக் கிடைக்கும் புள்ளிகளைப் பார்த்துவிடுங்கள். ஒரே வீரனுக்கு வாளில் கொஞ்சம், கோடரியில் கொஞ்சம், கதாயுதத்தில் கொஞ்சம் என்று தூவியிருந்தால் எதிலும் அடி விழாது, கொடுத்ததைத் திரும்ப எடுக்கவும் முடியாது. அப்படியென்றால் புதிதாகத் தொடங்குங்கள்: முன்னே இரண்டு போர்வீரர்கள், ஆளுக்கொரு ஆயுதம் மட்டும், பின்னே எறிகருவி அல்லது வில்லுடன் ஒரு ரோக் (தந்திரக்காரன்), ஒரு மந்திரவாதி. காளைத்தலை கொண்ட மினோடார் இனத்தவன் பலசாலிதான், ஆனால் தீனி அதிகம், ஒன்றுக்கு மேல் சேர்க்காதீர்கள். விடை தெரிந்த புதிர்கள் என்பதால் மூன்றாம் தளத்துக்கு ஒரே மாலையில் வந்துவிடலாம்.